ஊசியைத் திருகினால் போதுமா?

பட்டாபிராமில் அண்மையில் ஒரு மாலை, மாணவர் சிலர் கம்பியில் கட்டிய மாதிரி விமானத்தை வட்டமாகப் பறக்கவிட்டதைக் கண்டேன். நிமிர்ந்து பறக்கையில் எஞ்சின் சீராக ஓடியது. தலைகீழாகத் திருப்பியதும் சத்தம் கம்மி, புகையைக் கக்கியது. கீழே இறக்கி ஊசி வால்வைச் சிறிது மூடினார்கள். அடுத்த முறை தலைகீழாக நன்றாக ஓடிற்று. ஆனால் நிமிர்ந்ததும் சூடேறி நின்றுவிட்டது. பல வாரம் உழைத்துச் செய்த பால்சா இறக்கை தரையில் மோதி முறிந்தது.

குற்றம் மாணவர்களுடையதா? அவர்களிடமிருந்த குறிப்புத்தாளை வாங்கிப் படித்தேன். எரிபொருள் தொட்டியின் நடுமட்டம் ஊசி வால்வின் மட்டத்தில் இருக்கவேண்டும் என்று ஒரே ஒரு வரி. ஏன் என்ற விளக்கமில்லை. சரிதானா என்று சோதிக்க வழியுமில்லை. அந்த வரி பொய்யல்ல. ஆனால் பாதி உண்மை. பாதி உண்மையைச் சூத்திரமாக மனப்பாடம் செய்விப்பதைத்தான் இங்கே விமரிசிக்க விரும்புகிறேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். கீழ்த்தளக் குழாயில் தண்ணீர் வேகமாகக் கொட்டும். மாடிக் குழாயில் மெதுவாக வரும். உயர வேறுபாடே அழுத்தத்தைத் தருகிறது. சிறிய மாதிரி எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் எரிபொருள் பம்பு கிடையாது. காற்று குறுகிய வழியில் விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த உறிஞ்சலே எரிபொருளை இழுக்கிறது. தொட்டி ஊசியைவிடத் தாழ்ந்திருந்தால் எரிபொருள் ஏறி வரவேண்டும். கலவையில் எரிபொருள் குறையும். அதே விமானம் தலைகீழானால் தொட்டி ஊசிக்கு மேலே போய்விடும், எரிபொருள் மிகும். பட்டாபிராமில் நிகழ்ந்தது இதுவே. ஊசியைத் திருகுவது இரு நிலைகளையும் ஒருசேர மாற்றுமேயன்றி, அவற்றின் வேறுபாட்டை நீக்காது.

அப்படியானால் அளவுகோலால் மட்டம் பார்த்துப் பொருத்தினால் போதாதா? போதாது. தரையில் மட்டமாக இருப்பது வானில் மட்டமாக இருப்பதில்லை. விமானத்தின் உடல், பறக்கும் திசைக்கு 2 டிகிரி சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். தொட்டி ஊசிக்கு 8 செ.மீ. பின்னால் இருந்தால், அந்தச் சாய்வு மட்டுமே ஏறத்தாழ 3 மி.மீ. உயர வேறுபாட்டைத் தரும்.

3 மி.மீ. அற்பம் என்று எண்ணவேண்டாம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆரமுள்ள கரணம் அடிக்கும் விமானத்தில், மைய விலக்கு விளைவு புவியீர்ப்பைப்போல் 8 மடங்கு. அந்த 3 மி.மீ. பிழை அப்போது 24 மி.மீ. பிழையைப்போல் வேலை செய்யும்!

தொட்டி காலியாகக் காலியாக அழுத்தம் மாறுவது இன்னொரு தொல்லை. இதற்கு மருந்து உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி மேரியட்டின் பெயரால் வழங்கும் குடுவையில், காற்று நுழையும் குழாயின் முனை திரவத்துக்குள் ஆழ்ந்திருக்கும். முனை மூழ்கியிருக்கும் வரை திரவம் ஒரே சீராக வெளியேறும். காற்றுக்குழாயின் முனையை எரிபொருள் எடுக்கும் குழாயின் அருகே கொண்டுபோய் வைத்த தொட்டியும் அதே தத்துவப்படி இயங்குவதுதான். குறிப்புத்தாளில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இல்லை!

அந்தத் தாளில் சேர்க்கவேண்டியது நாலே வரிதான். தொட்டியை மேலும் கீழும் நகர்த்த இடம் விட்டுப் பொருத்துக. ஊசியைச் சற்று எரிபொருள் மிகுந்த நிலையில் வைத்து, நிமிர்ந்து 5 சுற்று, தலைகீழாக 5 சுற்று பறக்கவிட்டு நேரம் குறித்துக்கொள்க. நிமிர்ந்த நிலையில் வேகம் கூடுதலானால் தொட்டியை 1 மி.மீ. உயர்த்துக; தலைகீழ் நிலையில் கூடுதலானால் 1 மி.மீ. தாழ்த்துக. இரண்டு நேரமும் ஒன்றாகும்வரை இதைத் தொடர்ந்து, பிறகே ஊசியைத் தொடுக. 16 மீட்டர் கம்பியில் மேற்சொன்ன வேகத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 5 விநாடி ஆகும்; சாதாரண நிறுத்து கடிகாரமே போதும்.

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் பறக்கவிடுவது பயிற்சியின் ஒரு பகுதி. அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. இவ்வளவு மாணவர் ஈடுபடும் கலையில், விதியை மட்டும் கொடுத்துக் காரணத்தை மறைப்பது நியாயமாகாது. ஒரு வரி விதி தொடங்குவதற்கு உதவும். முடிவு சொல்லவேண்டியது சோதனை. முறிந்த இறக்கையைப் பசை போட்டு ஒட்டிவிடலாம். கேள்வி கேட்காமல் ஊசியைத் திருகும் பழக்கம் படிந்துவிட்டால், அதை மாற்றுவது அவ்வளவு எளிதன்று.