மங்கலின் அளவு

பெருங்குடியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் எழும் அடுக்குமாடிகளின் விளம்பரப் படங்கள் பல, கட்டடம் எழுமுன்னரே கணினியில் வரையப்படுவன. கணினிக் காட்சியில் அண்மையும் சேய்மையும் ஒரே கூர்மையுடன் தோன்றும். அச்செயற்கைத் தன்மையைக் குறைக்க, ஒவ்வொரு புள்ளியின் தொலைவையும் கறுப்பு வெள்ளைச் சாயல்களால் குறிக்கும் ஆழப்படம் ஒன்றை அமைத்து, அதற்கேற்பப் பின்புலத்தை மங்கச் செய்கின்றனர். 2003இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் சிஎஸ் பதிப்பிலேயே இதற்கான 'லென்ஸ் பிளர்' இடம்பெற்றுவிட்டது.

உத்தியை நாம் குறை கூறவில்லை. அதன் அளவையே வினவுகின்றோம். அகன்ற நிலக்காட்சியைப் படமெடுக்கும் உண்மை லென்ஸ் தொலைவை அவ்வளவாக மங்கவிடாது. மங்கல் மிகுந்தால் மாளிகையும் மேசைமேல் வைத்த பொம்மையாகிவிடும். பதினோராம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' இயற்றிய இப்னுல் ஹைதம், இடையே தொடர்ச்சியாக அமைந்த பொருள்களைக் கொண்டே பார்வை தொலைவை மதிப்பிடுகிறது என விளக்கினார். அவ்விடைப்பொருள்களை அழித்தால் அளவுகோலே அழிகிறது.

பெருங்குடியில் அவ்விடைப்பொருள்கள் யாவை? 2022இல் ராம்சர் தகுதி பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும், மாநகராட்சி பல்லாண்டுகள் குப்பை கொட்டிய வளாகமும் அல்லவா? மழைநீர் தேங்கும் தாழ்நிலம் படத்தில் பசும்புகையாக மாறும்போது, வாங்குவோர் அறிய வேண்டியது மறைகிறது. விற்பொருளின் குறையை மறைத்தலை ஃபிக்ஹு நூலார் 'தத்லீஸ்' என்பர். பார்வையை வழிநடத்தும் மங்கல் கலையாகும். பார்க்க வேண்டியதை மறைக்கும் மங்கல் கலையன்று.