சுவரில் இறங்கும் முன்

கனடாவின் வான்கூவர் தீவின் வடமுனைக்கு அருகே, பிரவுனிங் பாஸில் கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது ஒரு பாறைச் சுவர். சிவப்பு மென்பவளமும் வெண்ணிறக் கடல் சாமந்தியும் பாறையே தெரியாதபடி அப்பிக்கிடக்கும். அவற்றுக்கு இரை கொண்டுவருவது நீரோட்டம். ஆளை அடித்துப் போவதும் அதுதான். ஆகவே முக்குளிப்போர் முதலில் பார்ப்பது ஓத அட்டவணை. ஓட்டம் ஓய்ந்து திசை மாறும் சிறு இடைவெளிக்குள் சுவரைப் பார்த்தாக வேண்டும்.

என்னை மிகவும் கவர்வது காற்றுக் கணக்கு. 30 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். குளிர் அதை இன்னும் கூட்டும். காலடியில் தரை தெரியாது. அதனால் எந்த ஆழத்தில் நிற்பது என்பதைப் படகிலேயே முடிவுசெய்து, கையில் கட்டிய பலகையில் பென்சிலால் எழுதிக்கொள்கிறார்கள். மேலேறுவதற்கான காற்றை, இணையாக இறங்கும் இருவருக்கும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்: துணைவரின் சுவாசக் கருவி குளிரில் உறைந்து காற்றைக் கொட்டிவிட்டால், ஒரே சிலிண்டரில் இருவரும் மேலே வந்தாக வேண்டுமே!