நாரத்தையும் ‘ஒராஞ்’சும்: விடுபட்ட கண்ணி

‘ஒராஞ்’ என்னும் பிரெஞ்சுச் சொல் நம் நாரத்தையின் வழித்தோன்றல் எனத் தமிழ் மேடைகளில் பெருமிதத்துடன் கூறப்படுவதுண்டு. கூற்று பொய்யன்று, கூறும் முறையே குறையுடையது.

வடமொழி ‘நாரங்க’ திராவிடத்திலிருந்து பெறப்பட்டது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழ் நாரத்தையும் மலையாள நாரங்ஙாவும் அதன் உறவுகள். அச்சொல் பாரசீகத்தில் ‘நாரங்’ ஆயிற்று. அரபியர் அதன் இறுதி ககரத்தை ஜீமாக மாற்றி ‘நாரஞ்ஜ்’ என்றனர். அவர்கள் சிசிலியிலும் அந்தலூசியாவிலும் அம்மரத்தைப் பயிரிட்டனர். இத்தாலியில் முதல் நகரம் தேய்ந்து ‘அரான்ச்சா’ பிறந்தது. பிரெஞ்சில் பொன்னைக் குறிக்கும் ‘ஓர்’ என்பதன் சாயலும் படிந்தது என்பர். ‘ஒராஞ்’சின் இறுதி ஒலி அந்த ஜீமின் எச்சமே. அரபியை விலக்கினால் அவ்வொலிக்கு விளக்கமில்லை.

இடையில் ஓர் அறிவிப்பாளர் விடுபட்ட செய்தியை ஹதீஸ் கலை வல்லுநர் ‘முன்கதிஃ’ என்பர். மேடைப் பேச்சு அத்தகையதே. சொல்லின் வரலாற்றை அரபியிலிருந்தே தொடங்கும் நம்மவர் சிலரும் இதே பிழையைச் செய்கின்றனர். ஒருவர் இடைக் கண்ணியை மறைக்கிறார். மற்றவர் முதற்கண்ணியை மறைக்கிறார்.

கொடுத்தவர் பெற்றதும் உண்டு. நாரஞ்ஜ் புளிப்புக்கனி; போர்ச்சுகீசிய வணிகர் வழியே பின்னர்ப் பரவிய இனிப்புக்கனியை அரபியர் அந்நாட்டின் பெயராலேயே ‘புர்துகால்’ என்றனர். தமிழரும் அவ்வாறே. மதுரைச் சந்தையில் ஊறுகாய்க்கு நாரத்தங்காய் வாங்குபவர், ஆங்கிலம் வழியே திரும்பிவந்த அதன் உறவினை ‘ஆரஞ்சு’ என விலை கேட்கிறார். சொல்லின் பெருமை அது பிறந்த இடத்தில் மட்டுமன்று. அதைச் சுமந்து சென்ற ஒவ்வொரு நாவிலும் இருக்கிறது.