குழுவை விட்டு வந்த குரல்

ஸ்பானிய பாப் இசையில் குழுவை விட்டுத் தனிவழி வந்த பாடகர்கள் பலர். இசைத்தட்டு விற்பனையை வைத்து அவர்களை அளப்பவர்கள் அளக்கட்டும். பக்கத்தில் பழைய கூட்டாளிகள் இல்லாதபோதும் அந்தக் குரலுக்குச் சொல்ல ஏதேனும் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

பழையதை அடியோடு களைந்துவிட்டுக் கிளம்புவது ஒரு மரபு. சரகோசாவின் ராக் குழுவான எரோயெஸ் தெல் சிலென்சியோ 1996இல் பிரிந்ததும் என்ரிக்கே புன்புரி அதைத்தான் செய்தார். மறுவருடமே மின்னணு இசையில் ஒரு தொகுப்பு. 1999இல் அதையும் உதறிவிட்டு, மத்தியதரைக் கடல் வாடை வீசும் 'பெக்கேன்யோ'. இன்னொரு வழியும் உண்டு: சான் செபாஸ்தியானின் லா ஒரேஹா தெ வான் கோ குழுவிலிருந்து 2007இல் விலகிய அமையா மொன்தேரோ, குழுவிலிருந்த நாளிலேயே பாடல் எழுதியவர். எழுதுகோலையும் கையோடு கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே தனித்தொகுப்பு வந்துவிட்டது.

பாடலை எழுதாத பாடகி என்ன செய்வார்? அனா தொரோஹாவின் வாழ்க்கை என்னை ஈர்ப்பது இந்த இடத்தில்தான்.

சர்வாதிகாரி பிராங்கோ 1975இல் மறைந்தார். அடைபட்டுக் கிடந்த மத்ரித் இளைஞர்கள் இசையிலும் சினிமாவிலும் பொங்கி எழுந்த காலத்தில், 1981இல், மெகானோ குழு பிறந்தது. நாச்சோ, ஹோசே மரியா என்ற கானோ சகோதரர்கள் எழுத, தொரோஹா பாடினார். ஆண் தன்னிலையில் எழுதிய வரிகளைக்கூட அப்படியே பாடினார். அசைவோ அலங்காரமோ இல்லாத நேரான குரல். அது உணர்ச்சியற்றது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்த நிதானம்தான் அதன் பலம் என்பேன். இரு பெண்களின் காதலைச் சொல்லும் 'முஹேர் கோந்த்ரா முஹேர்' 1988இல் வந்தபோது, கண்ணீரும் பிரசங்கமும் கலக்காமல் அவர் பாடியதால் அது கேட்பவர் மனத்தில் தடையின்றி இறங்கியது. அதன் பிரெஞ்சு வடிவமும் அவர் குரலில்தான்; 1990இல் அது பிரான்சில் முதலிடம் பிடித்தது.

1992இல் குழு ஓய்ந்தது. கானோ சகோதரர்களின் கை படாத பாடல்களோடு தொரோஹா 1997இல் 'புந்தோஸ் கார்தினாலெஸ்' என்ற முதல் தனித்தொகுப்பைத் தந்தார். 1998இல் மூவரும் மீண்டும் கூடி, அதே ஆண்டு பிரிந்தார்கள். 2000இல் பாடகர் மிகேல் போசேயோடு இணைந்து மேடையேறினார். அவருடைய தனித்தொகுப்புகளில் சில பாடல்கள் அவர் குரலுக்கு ஈடாகாத சாதாரணச் சரக்கு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் 2006இல் மெகானோ பாடல்களையே புதிய இசையமைப்பில் திரும்பப் பாடினார். பழைய புகழில் குளிர்காய்கிறார் என்று அதைத் தள்ளுவது அநியாயம். இருபதுகளில் யாரோ எழுதித் தந்ததைப் பாடியவர், நாற்பது கடந்தபின் ஒவ்வொரு சொல்லின் கனமும் அறிந்து பாடுகிறார். எழுதியவர்கள் கானோக்கள்; ஆனால் அந்தத் தட்டைக் கேட்டபின் பாடல்கள் தொரோஹாவுடையவை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.