வகையுளியும் விளம்பர இடைவேளையும்: அயல்நாடு செல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகங்களில் பிரிப்பிடம்

முன்னுரை

அமெரிக்க வணிகத் தொலைக்காட்சிக்கெனப் படைக்கப்படும் ஒரு மணிநேர நாடகத் தொடர், விளம்பரத்திற்கு இடம் விட்டே எழுதப்படுகிறது. அது பிரிட்டன் முதலிய நாடுகளுக்கு விற்கப்படும்பொழுது, அங்குள்ள சட்டமும் அலைவரிசையின் வழக்கமும் இடைவேளைகளை வேறு எண்ணிக்கையிலும் வேறு இடங்களிலும் வேண்டுகின்றன. இது ஒளிபரப்பாளரின் நடைமுறைச் சிக்கல் போலத் தோன்றினும், உண்மையில் பாடம் பற்றிய சிக்கலே ஆகும். இடைவேளையின் இடம் மாறினால் படைப்பின் பொருளும் மாறுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அங்க அமைப்பு

அமெரிக்க ஒரு மணிநேர நாடகம் நெடுங்காலம் நான்கு அங்கங்களாக எழுதப்பட்டது. தொடக்கத்தில் ஒரு சிறு முன்காட்சி இடம்பெறுவதும் உண்டு. 2000க்குப் பின்னர் ஐந்து, ஆறு அங்கங்கள் கொண்ட அமைப்பும் பரவியது. 1960களில் ஏறத்தாழ 50 நிமிடமாக இருந்த கதைநேரம் 2000களில் 42 முதல் 44 நிமிடமாகக் குறைந்தது. ஒவ்வோர் அங்கமும் ஒரு வினாவை எழுப்பி, விடை கூறாமல் முடிகிறது. கதவு திறக்கிறது, நிற்பவர் யார் என்று தெரிவதற்குள் திரை இருள்கிறது. விளம்பரம் முடியும்வரை பார்வையாளரைக் காத்திருக்கச் செய்வதே இதன் நோக்கம். வார இதழ்த் தொடர்கதையின் இறுதியில் வரும் 'தொடரும்' என்னும் சொல் செய்யும் பணியையே இவ்விருள் செய்கிறது. ஆகவே இடைவேளை இங்குப் படைப்பிற்குப் புறம்பான குறுக்கீடு அன்று. படைப்பின் உறுப்பு எனலாம்.

'இயற்கையான இடைவேளை'

பிரிட்டனில் வணிகத் தொலைக்காட்சிக்கு வழிவகுத்த 1954ஆம் ஆண்டுச் சட்டம், நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் இறுதியிலும் 'இயற்கையான இடைவேளை'களிலும் மட்டுமே விளம்பரத்தை அனுமதித்தது. 1989ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறிமுறை, நிகழ்ச்சியின் முழுமைக்கும் மதிப்பிற்கும் ஊறு நேராமல் இடைவேளை அமைய வேண்டும் என்றது. அடுத்தடுத்த இரு இடைவேளைகளுக்கு இடையே குறைந்தது 20 நிமிடம் கழிய வேண்டும் என்னும் விதியையும் வகுத்தது. இந்த 20 நிமிட விதி 2007ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

'இயற்கையான' என்னும் சொல் இங்கு ஆராயத்தக்கது. அச்சொல் முதலில் நினைவூட்டுவது ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குமுன் அமையும் ஓய்வை, அதாவது இளைப்பாறும் இடத்தை. அமெரிக்க எழுத்தாளர் அங்கத்தை முடிப்பதோ தவிக்கும் இடத்தில். இளைப்பாறும் இடத்தைத் தேடி அயல்நாட்டு ஒளிபரப்பாளர் இடைவேளையை நகர்த்தினால் இரு இழப்புகள் நேர்கின்றன. தவிப்பிற்கென எழுதப்பட்ட வினாவிற்கு அடுத்த நொடியே விடை கிடைத்துவிடுகிறது; அதனால் உச்சம் வெற்று மிகையாகிறது. மறுபுறம், இடையறாது ஓட வேண்டிய காட்சித்தொடர் காரணமின்றி அறுபடுகிறது.

தமிழ் யாப்பியலின் வகையுளி இதனை விளக்க உதவும். சொல்லின் இயல்பான எல்லையை விட்டுச் சீரின் அளவு நோக்கிப் பிரிப்பது வகையுளி. ஓசையைக் காக்கும் தேவையால் அது ஏற்கப்படுகிறது. பொருள் சிதையுமாறு அமைந்தால் குறையாகக் கருதப்படுகிறது. கடிகாரம் நோக்கிக் கதையைப் பிரிப்பதும் இத்தகையதே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. செய்யுளில் பிரிப்பவர் புலவர். இங்குப் பிரிப்பவர் படைப்பாளர் அல்லர்.

'24' தொடர்

ஃபாக்ஸ் நிறுவனம் 2001 நவம்பரில் தொடங்கிய '24' இதற்குத் தெளிவான சான்று. ஒவ்வொரு பகுதியும் கதையுலகின் ஒரு மணிநேரத்தைக் காட்டுவதாக அமைந்தது. படமாக்கப்பட்டதோ முக்கால் மணிக்கும் குறைவு. எஞ்சிய நேரம் விளம்பரங்களுக்குரியது. இடைவேளைக்கு முன்னும் பின்னும் திரையில் மின்கடிகாரம் தோன்றும். விளம்பரம் ஓடும் வேளையிலும் கதைமாந்தரின் காலம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அதன் பொருள்.

இத்தொடரின் முதலிரு பருவங்களைப் பிரிட்டனில் விளம்பரமே இல்லாத பிபிசி ஒளிபரப்பியது. விளம்பரம் நீங்கியது பார்வையாளருக்கு நன்மையே எனத் தோன்றலாம். ஆனால் கடிகாரம் ஒரு நொடியில் சில நிமிடங்களைத் தாண்டிக் குதித்தது. தொடர்கதை நூலாகும்பொழுது 'தொடரும்' என்னும் சொல் நீங்கினாலும் அத்தியாய முடிவின் தவிப்பு எஞ்சுவதுபோல, இடைவேளை நீங்கிய பின்னும் அதன் வடு எஞ்சியது. இடைவேளையை இடம் மாற்றுவது மட்டுமன்று, முற்றிலும் நீக்குவதும் பாடவேறுபாட்டை உண்டாக்கும் என்பது இதனால் பெறப்படும்.

இடைவேளையற்ற படைப்பு

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. எச்பிஓவின் 'தி சொப்ரானோஸ்' (1999-2007) விளம்பரமற்ற அலைவரிசைக்கெனப் படைக்கப்பட்டது. பிரிட்டனில் அதனை ஒளிபரப்பிய சேனல் 4 விளம்பர வருவாயில் இயங்குவது. படைப்பாளர் குறிக்காத பிரிப்பிடத்தை அங்கு ஒளிபரப்பாளரே உருவாக்க வேண்டியதாயிற்று. இத்தொடரின் இறுதிப் பகுதி, காட்சி நிகழ்ந்துகொண்டிருக்கும்பொழுதே திடீரென இருளில் முடிகிறது. இடையில் எங்கும் அறுபடாத படைப்பில்தான் அவ்விருள் முடிவின் அதிர்ச்சியாகும். முன்னரே பலமுறை இருண்ட திரையில் அது மற்றோர் இடைவேளையின் அறிகுறியாகவே முதலில் உணரப்படும்.

இடம் தேர்தல்

விளம்பர வருவாய் இன்றி இத்தொடர்களை விலைகொடுத்து வாங்கல் இயலாது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் அவ்வாதம் இடைவேளையின் தேவையை நிறுவுகிறதே அன்றி, அதன் இடத்தை நிறுவவில்லை. படைப்பாளர் வகுத்த பிரிப்பிடங்களுள் வேண்டியவற்றை மட்டும் தேர்ந்துகொள்வதும், புதியன புகுத்தாமையும் ஏற்ற நெறியாகும். நான்கு அங்க நாடகமொன்றின் பிரிப்பிடங்கள் 11, 22, 32ஆம் நிமிடங்களில் அமைவதாகக் கொள்வோமாயின், நடுவிலுள்ளதை விடுத்து மற்ற இரண்டைக் கொள்ளலாம். பழைய 20 நிமிட விதிகூட மீறப்படுவதில்லை. பெரும்பாலும் சட்டம் தடையாவதில்லை. நாடகத்தை முழுதும் பாராமல் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதே தடையாகிறது. பிரிப்பிடமே வகுக்கப்படாத படைப்புகளில், காட்சி முடியுமிடத்தில் குறைந்த எண்ணிக்கையில் பிரிப்பதே தக்கது.

முடிவுரை

இச்சிக்கல் பழைய தொலைக்காட்சியோடு முடிந்துவிடவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2022இல் விளம்பரத்துடன் கூடிய கட்டணமுறையைத் தொடங்கியது. அமேசான் பிரைம் வீடியோ 2024இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும், 2025இல் இந்தியாவிலும் விளம்பரங்களைப் புகுத்தியது. இடைவேளையே இராது என்னும் நம்பிக்கையில் எழுதப்பட்ட நாடகங்கள் இப்பொழுது பிரிக்கப்படுகின்றன. ஏட்டுச்சுவடியில் இடைவெளியின்றி எழுதப்பட்ட அடிகளைச் சீர்பிரித்த பதிப்பாசிரியர்கள், பிரிக்குமிடம் பொருளை மாற்றும் என்பதை அறிந்திருந்தனர். அப்பொறுப்பு ஒளிபரப்பாளருக்கும் உரியது. எங்கே அறுப்பது என்று முடிவு செய்பவர், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அப்படைப்பின் பதிப்பாசிரியருள் ஒருவராகிறார்.