முன்னடியும் பின்னடியும்: தளர்நடைத் திருமொழியில் பலதேவனின் இடம்

பெரியாழ்வார் திருமொழி முதற்பத்தின் ஏழாந்திருமொழி, கண்ணபிரானின் தளர்நடைப் பருவத்தைப் பேசும் 11 பாசுரங்களைக் கொண்டது. இதனை அநுபவிப்போர் பெரும்பாலும் யசோதைப் பிராட்டியின் நிலையில் நின்றே அநுபவிக்கின்றனர். பிள்ளை நடக்கிறான், தாய் காண்கிறாள் என இருவரளவில் அநுபவம் நிறைவுபெறுகிறது. ஆயினும் ஐந்தாம் பாசுரத்தில் மூன்றாமவன் ஒருவன் புகுகிறான். அவனே பலதேவன். அவனைப் பற்றிய பேச்சு இக்காலத்து உபந்யாஸங்களில் இரண்டு வகையாக முடிந்துவிடுகிறது. நிறமாறுபாட்டின் அழகுக்காக வந்த உவமை என்பது ஒன்று. ஆதிசேஷனின் அவதாரம் என்று தத்துவத்தை ஒரு சொல்லிற் கூறி அமைவது மற்றொன்று. இவ்விரண்டும் பாசுரத்தின் உட்பொருளைத் தொட்டும் தொடாமலும் செல்கின்றன என்பதே இக்கட்டுரையின் துணிபு. உடன்பிறந்த இரு குழந்தைகள் ஒருவரையொருவர் கண்டு வளரும் முறையை ஆழ்வார் கண்ணாரக் கண்டு பாடியிருக்கிறார். அம்முறையைக் கண்டாலன்றி அதன் மேலுள்ள தத்துவமும் விளங்காது.

பாசுரத்தின் காட்சி இது. வெள்ளி மலை ஈன்ற குட்டி போன்றவன் முன்னே விரைந்து ஓடுகிறான். கருமலை ஈன்ற குட்டி போன்றவன் அவனைத் தொடர்ந்து அடி பெயர்த்து வைக்கிறான். முன்னவனுக்கு ஓட்டம், பின்னவனுக்கு அடியிடுதல். வயதின் இடைவெளியை ஆண்டும் திங்களும் சொல்லாமல் இவ்விரு வினைகளாலேயே ஆழ்வார் உணர்த்திவிடுகிறார். முன்னோடுபவனைச் சுட்டும்போது பலதேவன் என்னும் பெயரோடு அமையாமல், கண்ணனுக்குத் ‘தன் நம்பி’ என்று உறவு தோன்றவும் சொல்லுகிறார். உலகம் ஓயாது புகழும் பெருமையை உடையவனாயினும், இக்குழந்தைக்கு அவன் தன்னுடைய அண்ணன்.

இங்கு ஒரு சொல்லின் இலக்கணம் ஆராயத்தக்கது. அண்ணனின் பின்னே கூடச் ‘செல்வான்’ தளர்நடை நடக்கவேண்டும் என்பது அன்னையின் வேண்டுகோள். ‘செல்வான்’ என்பதனை வினையாலணையும் பெயராகக் கொண்டால், பின்செல்பவனாகிய அவன் நடக்கவேண்டும் என்று பொருள்படும். நன்னூலார் கூறும் வான், பான், பாக்கு ஈறுகளுள் வான் ஈற்று வினையெச்சமாகக் கொண்டால், கூடச் செல்லும்பொருட்டு நடக்கவேண்டும் என்று பொருள்படும். முன்னைய பொருள் நடப்பவன் இன்னான் என்று சொல்லி அமைகிறது. பின்னையதோ அவன் எதற்காக நடக்கிறான் என்பதைச் சொல்லுகிறது. பின்னையதே இவ்விடத்துக்குச் சிறக்கும். நடை என்பது அக்குழந்தைக்கு ஒரு கலையாகத் தோன்றவில்லை. அண்ணன் போய்விட்டான், அவனோடு இருக்கவேண்டும், அதற்குக் கால் வேண்டும். நடை அவ்விருப்பத்தின் விளைவு.

அண்ணன் தம்பியின் கையைப் பிடித்து நடத்தினான் என்று இப்பாசுரத்தைக் கதையாக்கிச் சொல்வாரும் உண்டு. பாசுரத்தில் அது இல்லை. பலதேவன் நிற்கவுமில்லை, திரும்பிப் பார்த்ததாகச் சொல்லவுமில்லை. விரைந்து ஓடுகிறான். கற்பிக்கவேண்டும் என்னும் எண்ணமின்றி முன்னவன் செய்யும் செயலே பின்னவனுக்குக் கல்வியாகிறது.

இதனை ஏட்டில் மட்டும் காணவேண்டுவதில்லை. ஆழ்வார் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரை உடைய விருதுநகர் மாவட்டத்திலேயே மல்லாங்கிணறும் உள்ளது. பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் தாய்மார் சென்றுவிடும் வீடுகள் இவ்வட்டாரத்தில் பல. அங்கே மூன்று வயதுப் பிள்ளையும் பத்து மாதப் பிள்ளையும் பாட்டியின் கண்பார்வையில் ஒரே முற்றத்தில் நாள் முழுதும் வளர்கின்றன. நடைவண்டியைக் கையில் கொடுத்து எத்தனை முறை அழைத்தாலும் அசையாத சிறியது, மூத்தது வாசற்படி தாண்டி ஓடக் கண்டதும் வண்டியை விட்டுவிட்டு இரண்டடி வைத்து விழுகிறது. விழுந்த ஓசை கேட்டு மூத்தது திரும்பி வருகிறது. நாளடைவில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளவும் கற்கிறது. சிறியது நடக்கக் கற்கும் அதே முற்றத்தில் மூத்தது காத்திருக்கக் கற்கிறது. ஆழ்வார் பாடியது இக்கல்வியின் முதற்பாதி.

இனித் தத்துவத்துக்கு வருவோம். இத்திருமொழியின் இரண்டாம் பாசுரத்தில், செவ்வானத்துப் பிறைபோல் பல் முளைத்த அக்குழந்தையை ஆழ்வார் அனந்தசயனன் என்று அழைக்கிறார். அனந்தனைப் படுக்கையாக உடையவன் என்பது பொருள். மூன்று பாசுரங்கள் கழித்து அந்த அனந்தனே அண்ணனாய் முன்னே ஓட, அவன்மேல் கிடந்தவன் பின்னே தள்ளாடி வருகிறான். பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியில் (53) திருவனந்தாழ்வான் செய்யும் கைங்கர்யங்களை அடுக்கி, எம்பெருமான் செல்லும்போது குடையாகவும் இருக்கும்போது சிங்காசனமாகவும் நிற்கும்போது திருவடிநிலையாகவும் ஆவதைப் பாடினார். திருவடியின் கீழ்க் கிடந்த சேஷன் இங்கே திருவடிக்கு வழிகாட்டுகிறான். சேஷி பின்செல்கிறான். ஆதிசேஷ அவதாரம் என்று ஒரு சொல்லிற் கூறி நகர்ந்தால் இம்முறைமாற்றம் கண்ணிற் படாது. அடியானுக்குப் பின்னே செல்ல ஆசைப்படும் ஸௌலப்யம் இதனினும் வேறில்லை.

ஸர்வஜ்ஞனுக்கு ஒருவரைப் பார்த்து நடை கற்கவேண்டுமோ என்னும் வினா எழும். கற்பதுபோல் நடித்தான் என்று விடை சொல்வது எளிது. அவ்விடையை ஏற்பின் ஆழ்வாரின் பரிவுக்கே இடமில்லாமற் போகும். விழமாட்டாதவன் விழுவானோ என்று யார் அஞ்சுவார்? அவதாரம் பொய்த்தோற்றமன்று என்பது நம் தர்சனத்தின் துணிபு. தன் பெருமையை இழவாமலே, பிறந்த பிறவிக்குரிய தளர்ச்சியையும் அவன் மெய்யாகவே ஏறிட்டுக்கொள்கிறான். ஆகவே அண்ணனை நோக்கிய அந்த ஆசையும் மெய்யே என்று கொள்ளல் தகும். அடுத்த பாசுர வைப்பும் இதற்குத் துணை நிற்கிறது. ஆறாம் பாசுரத்தில் ஓரடியிற் சங்கும் ஓரடியிற் சக்கரமும் பொறித்தமைந்த திருவடிகள் எழுதினாற்போல் நிலத்தில் இலச்சினை இடுகின்றன. அண்ணனின் பின்சென்ற கால்கள் அவன் சுவட்டைப் பதிக்கவில்லை. தமக்கே உரிய அடையாளத்தைப் பதிக்கின்றன. பின்பற்றுதலால் தன்மை அழிவதில்லை என்பதை ஆழ்வார் வைப்புமுறையாலேயே காட்டினார் எனலாம்.

ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தம் எட்டாம் அத்யாயத்தில் இருவரும் ஒன்றாகத் தவழ்கின்றனர், ஒன்றாகவே கன்றுகளின் வாலைப் பற்றி இழுபடுகின்றனர். அங்கே காட்சி இணையாகச் செல்கிறது. முன்பின் என்னும் இடைவெளியைத் தனியே எடுத்துப் பாடியது பெரியாழ்வாரின் பார்வை. அதே அத்யாயத்தில் தம்பி மண் தின்றதைப் பலராமனும் ஏனைய பிள்ளைகளும் அன்னையிடம் சொல்லுகின்றனர். தமையன் கோள் சொன்னதனால் யசோதை வாயைத் திறக்கச் சொல்ல, உலகனைத்தையும் கண்டாள். ஆழ்வாரோ முதல் திருமொழியில் நாவழிக்கும் தாய்க்கு அக்காட்சியை வைத்தார்.

உடன்பிறந்தாரை ஒப்பிடும் குரலும் அருளிச்செயலில் உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் (10-7) அன்னை முறையிடுகிறாள். ரோகிணி முன்னே பெற்ற சங்கவண்ணனும் இவ்வீட்டில்தானே வளர்ந்தான், அவன் இத்தகைய களவுகளை அறியானே என்று ஏங்குகிறாள். அங்கும் பலதேவன் ‘தன் நம்பி’ எனவே சுட்டப்படுகிறான். ஒரே உறவுச்சொல் ஓரிடத்தில் பின்செல்லக் காரணமாகவும், மற்றோரிடத்தில் வேறுபாட்டை அளக்கும் கோலாகவும் நிற்கிறது. அண்ணனைப்போல் ஏன் இல்லை என்று வீடுதோறும் எழும் வினாவுக்கு அப்பதிகமும் விடை தரவில்லை. என்செய்வேன் என்னும் ஏக்கத்தோடே நிற்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தும் இருவர் இருவராகவே இருப்பர் என்பதை அன்னை ஏங்கியபடியே ஏற்கிறாள்.

பெரியாழ்வாரின் திருமகளார் திருப்பாவையின் 17ஆம் பாசுரத்தில் நந்தகோபரையும் யசோதையையும் கண்ணனையும் எழுப்பியபின் பலதேவனை எழுப்புகிறார். தம்பியும் நீயும் உறங்கவேண்டா என்று இருவரையும் சேர்த்தே விளிக்கிறார். அங்கு பலதேவனின் திருவடியே புகழப்படுகிறது. அவன் பொற்கால் முன்பட்டதனாலே தம்பி பின்னே பிறந்தான் என்று உரைவழக்கில் கொண்டாடுவதும் உண்டு. தந்தையார் நடையில் கண்ட முன்னடியை மகளார் பிறப்பிலேயே கண்டார் எனலாம்.

இத்திருமொழியை நாம் உரையோடு வாசிப்பதும் இவ்வகைப் பின்செல்லுதலாலேயே. பெரியவாச்சான்பிள்ளை அருளிய பெரியாழ்வார் திருமொழி உரையில் பெரும்பகுதி அழிந்துபோக, அழிந்த பகுதிக்கு மட்டுமே மணவாள மாமுனிகள் (1370–1443) உரை அருளினார். முன்னவர் உரை கிடைத்த இடத்தில் தம் உரையை நிறுத்திக்கொண்டார். தளர்நடைத் திருமொழி அவ்வாறு மாமுனிகள் உரையால் நமக்குக் கிட்டிய பகுதியைச் சேர்ந்தது. முன்னோர் சுவட்டில் நடந்த அப்பெரியவரின் உரையும் தனக்கே உரிய இலச்சினையோடுதான் விளங்குகிறது. வீட்டில் இரு குழந்தைகள் வளரும் பெற்றோர் இவ்வைந்தாம் பாசுரத்தை ஆறாவதோடு சேர்த்தே ஓதுவது நன்று.