பாலத்தின் இரு கரைகளில் பதிப்புரிமை: கோ. சாரங்கபாணியின் எழுத்துகளை முன்வைத்து

படைப்பாளர் மறைந்து குறித்த காலம் கடந்தபின் அவர்தம் எழுத்து பொதுவுடைமையாகிறது. அக்காலம் நாட்டுக்கு நாடு வேறுபடும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் வாழ்நாளையும் அதன்பின் 50 ஆண்டுகளையும் வரையறுக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு. சிங்கப்பூரில் 2004 முதல் 70 ஆண்டு. ஆகவே, ஜொகூர் பாருவில் எவரும் அச்சிடத்தக்க நூல், பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸ் சேர்ந்ததும் ஒருவர்தம் உடைமையாகிவிடக் கூடும்.

இதற்குத் தக்க சான்று தமிழவேள் கோ. சாரங்கபாணி ஆவார். 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கிய அவர் 1974இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகள் 2025 சனவரி முதல் நாளன்று மலேசியாவில் பொதுவுடைமையாயின. சிங்கப்பூரிலோ 2044 இறுதிவரை காத்திருத்தல் வேண்டும்.

எனினும், உரிமை நீங்கியது கொண்டே ஒரு படைப்பு மக்களைச் சென்றடைந்துவிடும் எனக் கருதுவது பொருந்தாது. சட்டம் தடையை நீக்குமேயன்றிப் படியைத் தாராது. தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்படியாக்கிக் காத்து வருவது சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமே. உரிமை இக்கரையில், ஏடு அக்கரையில் என்பதே இன்றைய நிலை.

இரண்டாவது சிக்கல் ஆசிரியர் யார் என்பது. நாளிதழ்த் தலையங்கங்கள் பெரும்பாலும் பெயரின்றி வெளிவருவன. பெயரற்ற எழுத்துக்கு, வெளியான ஆண்டை அடுத்து 50 ஆண்டு என்பது மலேசியச் சட்டம். எனவே, 1974 வரையிலான பெயரற்ற தலையங்கங்களை வெளியிடச் சட்டத் தடை இல்லை. ஆயினும் அவையனைத்தையும் சாரங்கபாணியின் பெயரில் தொகுப்பது ஆய்வு நெறியாகாது. சட்டம் விடுவித்ததை ஆய்வு ஐயுற்றே ஏற்க வேண்டும்.

பாரதியின் படைப்புகள் 1949இல் நாட்டுடைமையாயின. மலிவுப் பதிப்புகள் பெருகின. பாடப் பிழைகளும் உடன் பெருகின. காலவரிசைப் பதிப்பைச் சீனி. விசுவநாதன் பின்னர்த் தனிமனித உழைப்பாலேயே உருவாக்க நேர்ந்தது. அவ்வரலாறு இங்கு மீளுதல் கூடாது. ஒவ்வோர் எழுத்துக்கும் வெளியான நாள், பக்கம், பெயர் இடப்பெற்றதா என்னும் குறிப்பு ஆகியன தந்த பின்னரே அதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லுதல் தகும்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் நிலைபெறப் போராடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியவர் சாரங்கபாணி. அவர் எழுத்தைப் பிழையறப் பதிப்பித்தல் அந்நிதியால் பயன்கொண்ட தலைமுறைகள் செலுத்த வேண்டிய கடன்.